ஊருக்கு ஊர் ரோஜா: தென் போஹீமியச் சிற்றூர்களின் கொடியும் கேடயமும்

கேள்வி இது: செக் குடியரசின் தென் போஹீமியாவில் ஒரு வாரம் சுற்றி வந்தவர் கேட்கிறார். ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊரிலும் ஊராட்சி அலுவலக வாசலில் அந்த ஊருக்கே உரிய கொடி பறக்கிறது, கதவுக்குப் பக்கத்தில் கேடயச் சின்னம் இருக்கிறது. பல ஊர்களில் அதே ஐந்திதழ் ரோஜா. ஓர் ஊரில் சிவப்பு, இன்னோர் ஊரில் மஞ்சள். ரோஜாத் தோட்டம் எதையும் காணோம். இதற்கு என்ன பொருள்? இத்தனை சின்ன ஊருக்குத் தனிக்கொடி எதற்கு?

முதலில் ரோஜாவுக்கு வருகிறேன். பூவைப் பார்த்துப் பயனில்லை, நிறத்தைப் பாருங்கள். அந்த வட்டாரத்தில் ரோஜா என்பது ஒரு குடும்பத்தின் அடையாளம். எந்த நிற ரோஜா, எந்த நிறப் பின்னணி என்பதுதான் அந்தக் குடும்பத்தின் எந்தக் கிளை என்று சொல்லும்.

குடும்பத்தின் பெயர் வீட்கோவ்ட்ஸி, அதாவது வீத்தெக்கின் வழிவந்தவர்கள். மூதாதை பிர்ச்சிட்ஸே ஊரைச் சேர்ந்த வீத்தெக், 1194இல் இறந்தவர். அவருக்கு ஐந்து மகன்கள். வயதான காலத்தில் சொத்தைப் பாகம் பிரித்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு ரோஜாவைக் கொடுத்தார் என்பது கதை. ரோஜ்ம்பெர்க் கிளைக்கு வெள்ளிப் பின்னணியில் சிவப்பு ரோஜா. ஹ்ரதெட்ஸ் கிளைக்கு நீலத்தில் பொன் ரோஜா. லாண்ட்ஷ்டைன் கிளைக்குச் சிவப்பில் வெள்ளி ரோஜா. ஸ்ட்ராஷ் கிளைக்குப் பொன்னில் நீல ரோஜா. ஐந்தாமவன் செஸிமா முறையான மணத்தில் பிறந்தவன் அல்ல. அவனுக்குப் பொன்னில் கறுப்பு ரோஜா, ஊஸ்தி பக்கத்து நிலம். இந்தக் காட்சியைப் பின்னாளில் பெரிய ஓவியமாகவே வரைந்துவைத்தார்கள். நடுவில் கவசம் அணிந்த கிழவர், சுற்றிலும் ரோஜாக் கொடிகளோடு மகன்கள். ‘ரோஜாப் பங்கீடு’ என்பது அந்த ஓவிய வகையின் பெயர்.

நீங்கள் பார்த்த மஞ்சள் ரோஜா பெரும்பாலும் ஹ்ரதெட்ஸ் கிளையுடையது. இன்றைய யிந்திரிஹூவ் ஹ்ரதெட்ஸ் நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அவர்கள் கையில் இருந்தன. சிவப்பு ரோஜா என்றால் வல்தாவா ஆற்றின் மேல்பகுதி, செஸ்கி க்ரும்லோவ், திரேபோன் வட்டாரம்.

மேலே உள்ள ஐந்து சேர்க்கைகளையும் இன்னொரு முறை பாருங்கள். ஐந்திலும் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் வண்ணம். கேடயச் சின்னக் கலையில் பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகம் கூடாது, வண்ணத்தின்மேல் வண்ணம் கூடாது என்பது அடிப்படை விதி. அழகுக்காக வந்த விதி இல்லை இது. தலைக்கவசத்தில் முகம் மறைந்திருக்கும் ஆளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண வேண்டிய தேவையிலிருந்து வந்தது. நீலத்தில் கறுப்பு ரோஜா வரைந்தால் பத்தடி தள்ளி நின்றாலே தெரியாது. இன்று அந்த ஊர்க் கொடிகள் சாலையில் போகிற காரிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிவதற்கு அதே விதிதான் காரணம்.

இனிக் கதையைக் கொஞ்சம் சோதிப்போம். வீத்தெக் வாழ்ந்த காலத்தில் போஹீமியாவில் பரம்பரைச் சின்னம் என்ற வழக்கமே சரியாக வேரூன்றவில்லை. இந்தக் குடும்பத்தின் ரோஜாவை நாம் பார்ப்பது 13ஆம் நூற்றாண்டு முத்திரைகளில்தான். முத்திரை என்பது மெழுகு. மெழுகில் ரோஜா பதியும், நிறம் பதியாது! பத்திரத்தில் தொங்கும் முத்திரையில் பூவை மட்டும் பார்த்து எந்தக் கிளை என்று சொல்ல முடியாது. சுற்றியிருக்கும் எழுத்தைத்தான் படிக்க வேண்டும். ஆகவே கிழவர் ஒரே நாளில் ஐந்து நிறங்களைப் பங்கிட்டார் என்பது, கிளைகள் ஏற்கெனவே பிரிந்து நிறங்களும் நிலைத்த பிறகு யாரோ பின்னோக்கிக் கட்டிய கதையாகத்தான் இருக்க வேண்டும். கிளைகள் உண்மை, ரோஜாவும் உண்மை. பங்கீட்டு நாள்தான் கற்பனை.

பழம்பெருமைக்குக் கதை கட்டுவது அந்த வீட்டுக்குப் பழகிய வேலையும்கூட. 15ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஓல்ட்ரிஹ், ரோஜ்ம்பெர்க் குடும்பத்தின் தலைவர், தன் உரிமைகளை நிலைநாட்டப் போலிப் பத்திரங்கள் தயாரித்ததற்காகவே வரலாற்றில் பேர்போனவர். தாங்கள் ரோமாபுரியின் ஓர்சினி பிரபுக்களுக்கு உறவு என்ற கூற்றும் அவர் காலத்தில்தான் கிளம்பியது. ஓர்சினி என்ற பெயர் கரடியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லை ஒத்தது. அதனால் ரோஜ்ம்பெர்க் கேடயத்தை இருபுறமும் கரடிகள் தாங்கி நிற்கத் தொடங்கின. க்ரும்லோவ் கோட்டையின் அகழியில் உயிருள்ள கரடிகளையே வளர்த்தார்கள். அகழியில் கரடியைப் பார்க்க இன்று கூடும் கூட்டத்துக்கு அது ஒரு பொய் உறவின் மிச்சம் என்று தெரியுமா என்பது சந்தேகம்தான்.

ரோஜ்ம்பெர்க் என்ற பெயரே ரோஜா மலை என்ற ஜெர்மன் சொல். 13ஆம் நூற்றாண்டில் செக் பிரபுக்கள் கோட்டைக்கு ஜெர்மன் பெயர் வைப்பதை நாகரிகமாகக் கருதினார்கள். நட்சத்திரச் சின்னம் உடையவர்கள் தங்கள் கோட்டைக்கு ஷ்டெர்ன்பெர்க், அதாவது நட்சத்திர மலை, என்று பெயரிட்டது போலவே இவர்கள் வல்தாவா ஆற்றின்மேல் ரோஜ்ம்பெர்க்கை எழுப்பினார்கள். 1259இல் வோக் என்ற ரோஜ்ம்பெர்க் பிரபு ஆற்றங்கரையில் விஷ்ஷீ பிரோத் மடத்தை நிறுவினார். வெள்ளத்தில் சிக்கி உயிர் தப்பியதற்கு நேர்த்திக்கடன் என்று உள்ளூரில் சொல்வார்கள். 1302இல், வீத்தெக் வழியில் வந்த இன்னொரு கிளையான க்ரும்லோவ் கிளை ஆண் வாரிசு இல்லாமல் முடிந்தபோது அந்தச் சொத்தும் சிவப்பு ரோஜாவின்கீழ் வந்தது. அதன்பின் மூன்று நூற்றாண்டு காலம் தென் போஹீமியாவில் அரசருக்கு அடுத்த செல்வாக்கு அவர்களுடையது. கடைசி ரோஜ்ம்பெர்க், பெத்ர் வோக், 1611 நவம்பரில் திரேபோனில் இறந்தார். அதோடு வம்சம் அற்றுப்போனது. ஹ்ரதெட்ஸ் கிளையில் கடைசி ஆண் வாரிசு அதற்கு முன்பே, 1604இல், போய்விட்டார். அவருடைய சகோதரியை மணந்திருந்த வில்லெம் ஸ்லாவாட்டாவுக்குச் சொத்து போனது. 1618இல் பிராக் கோட்டை ஜன்னலிலிருந்து தூக்கி எறியப்பட்டு உயிர் பிழைத்தாரே, அந்த ஸ்லாவாட்டாதான்.

வம்சம் அழிந்து நானூறு ஆண்டுகள் ஆன பிறகும் அதன் பூ ஊராட்சிக் கொடிகளில் எப்படி வந்தது? உங்கள் இரண்டாவது கேள்வியின் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

நடுக்காலத்தில் கேடயச் சின்னம் வைத்துக்கொள்ளும் உரிமை கிராமத்துக்கு இல்லை. அரசர் அல்லது பிரபு அருளினால் நகரத்துக்குக் கிடைக்கும். சந்தை கூடும் சிறு நகரத்துக்கும் கிடைக்கும். கிராமத்திடம் அதிகம் போனால் ஒரு முத்திரை இருக்கும். 1918இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்ததும், அந்த டிசம்பரிலேயே சட்டம் போட்டுப் பிரபு பட்டங்களை ஒழித்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்தபின் 1990இல் வந்த உள்ளாட்சிச் சட்டம்தான் திருப்பம். நகரம், கிராமம் என்ற வேறுபாடு இல்லாமல் எந்த ஊரும் சின்னமும் கொடியும் கேட்கலாம் என்றது. இப்போது நடப்பில் இருப்பது 2000ஆம் ஆண்டின் 128ஆம் எண் சட்டம். செக் நாட்டில் சுமார் 6,250 ஊராட்சிகள். அவற்றில் பாதிக்கு மேல் 500 பேருக்கும் குறைவானவை. அந்தக் குட்டி ஊர்களும் தனித் தலைவர், தனி மன்றம், தனிக் கணக்கு வழக்கு உடையவை. கொடி என்பது அந்தத் தன்னாட்சியின் வெளி அடையாளம். கம்யூனிஸ்ட் காலத்தில் பல சிற்றூர்களைப் பக்கத்து ஊரோடு வலுக்கட்டாயமாக இணைத்திருந்தார்கள். 1990க்குப் பிறகு பிரிந்து வந்த ஊருக்கு, “நாங்கள் திரும்ப வந்துவிட்டோம்” என்று சொல்ல இதைவிட மலிவான வழி கிடையாது.

வழிமுறை சுருக்கமாக இது. ஊர் மன்றம் தீர்மானம் போடும். சின்னக் கலை தெரிந்த ஒருவர் ஆவணக் காப்பகத்தில் பழைய முத்திரை, நில உரிமையாளர் வரலாறு, கோயில் வரலாறு எல்லாம் தேடி இரண்டு மூன்று வரைவுகள் தருவார். மன்றம் ஒன்றைத் தேர்ந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்கு அனுப்பும். அங்கே சின்னங்களுக்கும் கொடிகளுக்கும் என்றே ஒரு துணைக்குழு இருக்கிறது. விதி மீறல், வேறு ஊரோடு குழப்பம் எதுவும் இல்லையென்றால் அவைத் தலைவர் கையெழுத்திட்டு வழங்குவார். பிறகு ஊரில் விழா. பாதிரியார் கொடிக்கு ஆசி வழங்குவார், தன்னார்வத் தீயணைப்புப் படையினர் சீருடையில் அணிவகுப்பார்கள், பியர் ஓடும்.

பிரபுக்களை ஒழித்த குடியரசின் நாடாளுமன்றமே பிரபுவின் ரோஜாவைக் குடியானவர் ஊருக்கு வழங்குகிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும். ஆனால் ஊர்க்காரர் பார்வையில் அது அடிமைச் சின்னம் இல்லை. ‘எங்கள் ஊர் எந்தச் சொத்தில் இருந்தது’ என்ற பழைய முகவரி.

அந்த முகவரி பல அடுக்குகளாகவும் இருக்கலாம். பெத்ர் வோக்குக்குப் பிறகு திரேபோன் சொத்து ஷ்வாம்பெர்க் குடும்பத்துக்குப் போனது. அவர்கள் சின்னம் சிவப்பில் வெள்ளை அன்னம். 1620இல் பேரரசரை எதிர்த்த போஹீமியப் பிரபுக்கள் தோற்ற வெள்ளை மலைப் போரில் அந்தத் தோற்ற தரப்பில் இருந்ததால் அவர்களும் அதை இழந்தார்கள். க்ரும்லோவ் 1622இல் எக்கன்பெர்க் குடும்பத்துக்கும், 1719இல் ஷ்வார்ட்சன்பெர்க் குடும்பத்துக்கும் கைமாறியது. கடைசியாகச் சொன்னவர்களின் கேடயத்தில் ஒரு காகம் துருக்கியர் தலையில் கண்ணைக் கொத்தும். 1598இல் அடோல்ஃப் ஷ்வார்ட்சன்பெர்க், ஹங்கேரியின் ஜ்யோர் கோட்டையை உஸ்மானியரிடமிருந்து மீட்டதற்குப் பேரரசர் கொடுத்த கூடுதல் சின்னம் அது. கூட்னா ஹோரா நகரத்தை ஒட்டிய செட்லெட்ஸில், மனித எலும்புகளை அடுக்கி அலங்கரித்த தேவாலயத்துக்குப் போனவர்கள் இந்தக் கேடயத்தையே எலும்புகளால் செய்து மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். தென் போஹீமிய ஊர் ஒன்றின் சின்னத்தில் ரோஜாவோடு அன்னம் இருந்தாலும் காகம் இருந்தாலும் அடுத்தடுத்த உரிமையாளர்கள் யார் என்று அப்படியே படித்துவிடலாம்.

ரோஜா இல்லாத ஊர்கள் என்ன செய்கின்றன? எளிய வழி, பெயர். ஒலியால் பெயரைச் சொல்லும் உருவத்தை அங்கே ‘பேசும் சின்னம்’ என்கிறார்கள். பெரிய நகரத்து உதாரணம்தான் சுலபமாகப் புரியும். யிஹ்லாவா நகரத்தின் ஜெர்மன் பெயர் இக்லாவ். முள்ளெலிக்கு ஜெர்மனில் ஈகெல். நகரத்தின் கேடயத்தில் முள்ளெலி. உண்மையில் பெயர் ஆற்றிலிருந்து வந்தது, ஊசி என்று பொருள்படும் செக் சொல்லோடு, ஆற்றுப் படுகையின் கூரிய பாறைகளோடு தொடர்புடையது என்பார்கள் பெயராய்வாளர்கள். கேடயம் வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்வதில்லை, காதில் விழுந்ததை வரைந்துவிடுகிறது. பிர்ச்சு, கருவாலி, லிண்டன் என்று மரத்தின் பெயர் தாங்கிய செக் ஊர்கள் ஏராளம். அந்த மரமோ இலையோ கொடியில் இருந்தால் முதலில் ஊர்ப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். இலை மூன்றாக இருந்தால், ஊராட்சியில் மூன்று குடியிருப்புகள் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது கோயிலின் புனிதர். ஐந்து நட்சத்திரம் என்றால் யான் நெபொமுக், 1393இல் பிராக்கில் வல்தாவா ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டவர். உடல் மிதந்த இடத்தில் ஐந்து நட்சத்திரங்கள் தோன்றின என்பது நம்பிக்கை. இரும்புக் கம்பித்தட்டு லாரன்ஸ். முள்சக்கரம் கத்தரீன். சிப்பி யாக்கோபு. வளைந்த தலை உடைய கோல் இருந்தால் அது புனிதரைவிட நிலம் வைத்திருந்த மடத்தைக் குறிக்கவே வாய்ப்பு அதிகம்.

தொழிலைச் சொல்லும் சின்னங்கள் செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் மிகுதி. அங்கே கிராம முத்திரைகள் நிறையப் பிழைத்திருக்கின்றன. திரும்பத் திரும்ப வருபவை ஏர்க்கொழு, கொழுவுக்கு முன்னால் மண்ணை வெட்டிச் செல்லும் கத்தி, திராட்சைக் குலை, கவாத்துக் கத்தி. இங்கே ஒரு பொறி உண்டு. மிக்குலோவ் வட்டாரத்தை 1575 முதல் ஆண்ட டீட்ரிஹ்ஷ்டைன் குடும்பத்தின் கேடயமே இரண்டு கவாத்துக் கத்திகள். பொன்னும் சிவப்புமாகப் பிரிந்த பரப்பில் நிமிர்ந்து நிற்கும். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் கவாத்துக் கத்தி கண்டால் தோட்டக்காரனுடையதா, துரையுடையதா என்று நிறத்தையும் எண்ணிக்கையையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மெழுகு முத்திரையில் நிறம் இல்லை என்றேனே, அந்தச் சிக்கல் 1990க்குப் பிறகு கிராமங்களுக்கும் வந்தது. முத்திரையில் கொழு இருக்கிறது. சரி, பின்னணி என்ன நிறம்? யாரும் எழுதிவைக்கவில்லை. வரைபவர் பழைய நில உரிமையாளரின் நிறங்களை எடுப்பார், அல்லது போஹீமியாவின் சிவப்பு வெள்ளையை எடுப்பார். மொராவியாவாக இருந்தால் அதன் கழுகிலிருந்து நீலத்தையும் சேர்ப்பார். நல்ல வழிதான். ஆனால் பல ஊர் வெளியீடுகளில் “பச்சை எங்கள் வயல்வளம், நீலம் எங்கள் வானத்தின் தூய்மை, சிவப்பு முன்னோரின் வீரம்” என்று எழுதியிருப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். கேடயக் கலையில் நிறங்களுக்கு அப்படி நிலையான பொருள் எதுவும் கிடையாது. நீல அலைக்கோடு ஆற்றைக் குறிக்கும், அதில் ஐயமில்லை. வெறும் நீலம் எதையும் குறிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது ரோஜாவின் பொன்னுக்குப் பொருந்தும் பின்னணி, அவ்வளவே.

கொடி பற்றி அதிகம் சொல்ல இல்லை, அது கேடயத்தின் பிள்ளை. அகலமும் நீளமும் 2:3. எழுத்து இருக்காது, பெயரை எழுத வேண்டிய நிலை வந்தால் அது கொடி இல்லை, பதாகை. கேடய விவரணையில் வெள்ளி, பொன் என்று எழுதுவதைக் கொடி விவரணையில் வெள்ளை, மஞ்சள் என்று எழுதுவார்கள். துணிக்கு உலோகம் கிடையாதே. அதனால்தான் பொன் ரோஜா உங்கள் கண்ணுக்கு மஞ்சள் ரோஜாவாகப் பட்டது. கம்பத்தின் பக்கத்திலிருந்து கிளம்பும் முக்கோண ஆப்பு ஊர்க் கொடிகளிலும் நிறைய உண்டு. 1920இல் நாட்டுக் கொடியில் நீல ஆப்பு சேர்ந்ததிலிருந்து கண்ணுக்குப் பழகிய வடிவம் அது.

கேடய விவரணை படிக்கும்போது ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள். ‘வலம்’ என்றால் பார்ப்பவரின் வலம் இல்லை, கேடயத்தைப் பிடித்து நிற்கும் வீரனின் வலம். உங்களுக்கு அது இடப்பக்கம்.

ரோஜா எல்லாமே வீத்தெக்கின் ரோஜா அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னி மரியாளுக்கும் ரோஜா உண்டு, சில புனிதப் பெண்களுக்கும் உண்டு. நாட்டின் வடகோடியில், ஜெர்மன் எல்லையருகே, ரூஜோவா என்றே ஓர் ஊர் இருக்கிறது, பெயரிலேயே ரோஜா. அந்தப் பக்கம் வீத்தெக் வாரிசுகளைத் தேடுவது வீண்.

நீங்கள் எடுத்துவந்த படங்களைச் சரிபார்க்க ஒரு நல்ல இடம் உண்டு. கீழவை நடத்தும் ரெகோஸ் என்ற இணையப் பதிவேட்டில் ஊர்ப் பெயரைத் தட்டினால் சின்னம், கொடி, விவரணை, வழங்கிய தேதி எல்லாம் வரும். விவரணையில் ‘ரூஜே’ என்றால் ரோஜா. ‘செர்வெனா’ சிவப்பு, ‘ஸ்லாட்டா’ பொன், ‘ஸ்ட்ரீபர்னா’ வெள்ளி. சட்டப்படி செல்லுவது அந்த வாசகம்தான். படம் ஓவியருக்கு ஓவியர் கொஞ்சம் மாறலாம், இதழ் தடிக்கலாம், புல்லிதழ் நீளலாம். தேதியையும் பார்த்துவிடுங்கள். 12ஆம் நூற்றாண்டுக் கிழவர் பங்கிட்டதாகச் சொல்லும் அந்த ரோஜா, சிற்றூர் ஒன்றின் பெயரில் ஏறியது அநேகமாக நம் வாழ்நாளுக்குள்ளாகத்தான் இருக்கும்.